கழுத்துக்குக் கீழே வைத்த பொன்

உருத்திரபுரத்தில் சிவனேஸ்வரி என்று கேட்டால், எந்தச் சிவனேஸ்வரி என்பார்கள். ஜப்பான் சிவனேஸ்வரி என்றால் வாய்க்கால் கரையில் மாடு மேய்க்கிறவனும் கைகாட்டி விடுவான். ஜப்பானை அவள் கண்டதில்லை. கொழும்புக்குப் போனதுகூட மகனைப் பற்றி விசாரிக்கப் போனதுதான்.

அவள் என் சின்னம்மாவின் கடைசிப் பிள்ளை. எங்கள் தாய்மார் இருவரும் கரவெட்டியில் பிறந்தவர்கள். குளத்துக் காணி கிடைத்து இரண்டு குடும்பமும் ஒரே லொறியில் இங்கே வந்தன. நான் வந்த பிள்ளை, அவள் இங்கேயே பிறந்த பிள்ளை. அவளைக் கட்டிய சின்னராசா என் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தங்கையின் மகன். எந்த வழியால் போனாலும் எனக்கு மச்சான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டில் நடந்தவை எனக்கு வெளியார் சொல்லித் தெரிந்தவை அல்ல.

அவள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கிற அறையின் கூரை வளையிலே பதினொரு கிற்றார் தொங்கின. எல்லாம் பேஸ் கிற்றார், எல்லாம் ஜப்பானில் செய்த பழைய சாமான். பேஸ் கிற்றார் என்றால் மற்றக் கிற்றாரைவிட நீளம், பாரம், கம்பி நாலுதான். கோயில் திருவிழாவில் இசைக்குழு பாடும்போது பாட்டுக்கு அடியில் தும் தும் என்று நெஞ்சில் இடிக்குமே, அது இதன் சத்தம். கரண்ட் இல்லாவிட்டால் ஊமை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஓர் இசைக்குழு இருந்தது. அதற்கெல்லாம் ஜப்பான் சாமான்தான் வந்து இறங்கியது. குயாட்டோன், ரெஸ்கோ, கிறெக்கோ என்று பெயர்கள். சிலதுக்குப் பெயரே இல்லை, முதுகில் ஒரு சின்னத் தகடு மட்டும்.

நாலாம் வகுப்போடு நின்ற சிவனேஸ்வரி இவற்றை இருட்டில் தடவியே இன்னது என்று சொல்லுவாள். பாகங்களுக்கு அவள் வைத்த பெயர்தான் அந்த வீட்டில் வழங்கியது. மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பது கொம்பு. கம்பி முறுக்குகிற ஆணி காது. நீண்ட கைப்பிடி கழுத்து. அந்தக் கழுத்தைப் பின்னாலிருந்து நாலு திருகாணி போட்டு உடம்போடு இறுக்கியிருப்பார்கள். கதை முழுக்க அந்த நாலு திருகாணிக்குள்தான் கிடக்கிறது.

சின்னராசா கமத்தோடு தச்சு வேலையும் செய்தவர். கிளிநொச்சிப் பக்கத்தில் அவர் வைத்த வாசல் நிலைகளில் சில, வீடு விழுந்த பிறகும் தனியே நின்றன. ஒரு நாள் பளையில் இருந்த இசைக்குழுக்காரர் ஒருவர் கழுத்து ஆடுகிற பேஸ் கிற்றார் ஒன்றை அவரிடம் திருத்தக் கொடுத்தார். சிவப்பு நிறம், ஓரம் கறுப்பு. திருத்தி முடிக்க முன்னமே அந்த மனிதன் வெளிநாடு போய்விட்டான். "உங்கடை பெடியன் ஆசைப்பட்டால் வைச்சிருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினான்.

பெடியன் சுஜிதன். ஒரே பிள்ளை. அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். தகப்பன் அந்தக் கழுத்தைக் கழற்றி, வெடிப்புக்குப் பசை வைத்து, காயவிட்டு, திரும்பப் பூட்டுகிற அன்று நான் அங்கே நின்றேன். மனிதன் எழும்பி உள்ளே போய்ச் சாமித் தட்டில் கிடந்த பெட்டியைத் திறந்தார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை பஞ்சாயுதத்தை என்னத்துக்கு எடுக்கிறியள்?"

"நிலை வைக்கப் போறன்."

"ஆற்றை வீட்டுக்கு?"

"உன்ரை மகன்ரை வீட்டுக்கு."

"அண்ணை, கேட்டியளே இந்த மனுசன்ரை கதையை? கிற்றாருக்கு நிலை வைக்கிறாராம்."

"பொன் வைக்காமல் நான் எந்த நிலையாவது வைச்சனானே? இந்தக் கழுத்து நிக்கிறதும் ஒரு நிலையிலைதான். பேசாமல் ஒரு நெல்லு எடுத்துக்கொண்டு வா."

பஞ்சாயுதம் என்பது பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் கழுத்தில் போடுகிற மெல்லிய பொன் தகடு. சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு என்று ஐந்தும் அதில் இருக்கும். சுஜிதனுக்குப் போட்ட அதே தகட்டைக் கழுத்து உட்காருகிற குழிக்குள் வைத்தார். ஒரு நெல்லும் ஒரு கிள்ளு விபூதியும் போட்டார். மேலே கழுத்தை வைத்து நாலு திருகாணியையும் நெஞ்சைக் கொடுத்து இறுக்கினார். பெடியன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். வீட்டு நிலைக்குக் கீழே இருக்கிற பொன்னை ஒருவரும் திரும்ப எடுப்பதில்லை. அது அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தத் திருகாணியை அவன் ஒருவரையும் தொட விடவில்லை.

அந்த நாளில் வன்னியில் கரண்ட் ஏது? ஊமைக் கிற்றாரை எப்படிப் பழகுவது? பெடியன் ஒரு வழி கண்டுபிடித்தான். தகப்பன் செய்த வேப்பமர அலுமாரியின் கதவில் கிற்றாரின் தலையை முட்டக் கொடுத்துக்கொண்டு கம்பியைத் தட்டினான். அலுமாரி முழுக்க முழங்கியது. உள்ளே கிடந்த பீங்கான் கோப்பைகூட அதிர்ந்தது.

"அம்மா, இஞ்சை வந்து காதை வைச்சுப் பாருங்கோ."

"உலையிலை அரிசி கிடக்கு, போடா."

"ஒருக்கா வாங்கோவன்."

போய்க் காதை வைப்பாள். "என்னடா இது, வயித்துக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சிரிப்பாள். பின்நேரம் தாயும் தகப்பனும் இரண்டு பக்கக் கதவிலும் காதை வைத்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கூப்பிட்டால் கை காட்டி அடக்குவார்கள்.

சின்னராசா பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தார். அதற்கு மூன்றாம் வருசம், கடைசிச் சண்டையில், ஊர் எழும்பி ஓடியது. முதல் தருமபுரம், பிறகு விசுவமடு, பிறகு கடற்கரைப் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சாமானாக விட்டுக்கொண்டு போனோம். அலுமாரி முதல் நாளே போயிற்று. சுஜிதன் கிற்றாரை விடவில்லை.

"அரிசியைத் தூக்கடா எண்டால் இதைத் தூக்கிறாய். இது சோறு போடுமே?"

"அப்பா உள்ளுக்கை இருக்கிறார் அம்மா."

அரிசியை அவளே தூக்கிக்கொண்டாள்.

நான் அப்போதே காலில் காயப்பட்டு, காயக்காரரை ஏற்றுகிற கப்பலில் ஏற்றப்பட்டுவிட்டேன். மிச்சம் அவள் சொன்னது. ஒரு காலமை, ஓரிடத்தில் கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் வாளியோடு போனாள். "நீ சாமானோடை நில்லடா, வாறன்" என்று சொல்லித்தான் போனாள். கஞ்சிக்கு நின்ற சனத்துக்குள் செல் விழுந்தது. சனம் சனமாக ஒரு பக்கம் தள்ளுப்பட்டு ஓடியது. அவள் விழுந்து எழும்பிப் பார்த்தபோது திரும்ப முடியாத, ஆமி நின்ற பக்கத்தில் நின்றாள். தண்ணீருக்குள்ளால் நடத்தி, பஸ்ஸில் ஏற்றி, வவுனியா முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். வாளி கையிலேயே இருந்தது.

சுஜிதன் வரவில்லை. முகாம் முகாமாகத் தேடினாள். பிறகு, பிள்ளையைக் காணாத எல்லாத் தாய்மாரும் ஏறின படிகளில் ஏறினாள். மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் குந்தினாள். ஊர் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, கமத்தில் இறங்கின பிறகு அவளுக்கு ஒரு யோசனை பிடித்தது.

"அண்ணை, அவன் அந்தக் கிற்றாரை லேசிலை விடமாட்டான். விட்டால் ஆரேனும் ஒருத்தரிட்டைத்தான் குடுத்திருப்பான். அது ஆரிட்டைக் கிடக்கோ அந்த ஆள்தான் அவனைக் கடைசியாக் கண்டிருக்கும். கிற்றாரைப் பிடிச்சால் ஆளைப் பிடிக்கலாம்."

அப்படித்தான் தொடங்கியது.

அந்தக் காலத்தில் வன்னி முழுக்கப் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் திரிந்தார்கள். நெளுக்குளத்துத் தங்கராசா அப்படி ஒருவன். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி, தகரம், கம்பி, உடைந்த சைக்கிள் எல்லாம் அள்ளிக்கொண்டு போவான். அவனை வாசல் படலையில் மறித்து, பழைய பேஸ் கிற்றார் எங்கே கண்டாலும் தன்னிடம் கொண்டு வரச் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே?"

"உனக்கு இரும்பு தின்னத் தெரியுமே? கொண்டு வா எண்டால் கொண்டு வா."

கொண்டு வந்தான். ஒன்று கம்பி இல்லாமல், ஒன்று காது இல்லாமல், ஒன்று கோழிக்கூட்டுக்குக் குறுக்குத் தடியாக இருந்தது. ஒவ்வொன்றையும் பாயில் கிடத்தி, ஸ்குரூட்ரைவரால் நாலு திருகாணியையும் கழற்றுவாள். ரோச் லைற்றைக் குழிக்குள் அடித்துப் பார்ப்பாள். மினுங்காவிட்டால் திரும்பப் பூட்டிவிடுவாள். அவளுக்குக் கண்ணிலும் பூ விழத் தொடங்கியிருந்தது. பொன் என்றால் எந்தக் கண்ணுக்கும் தெரியும்தானே என்பாள். அது உள்ளே கிடப்பது அவளுக்கும் மகனுக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அது அங்கேதான் கிடக்கும். இது அவள் கணக்கு. நானும் அதில் பிழை காணவில்லை.

மகனுடையது இல்லை என்று கண்ட பிறகும் ஏன் வைத்துக்கொண்டாள் என்று ஊர் கேட்டது. நானும் கேட்டேன்.

"வைச்சிருந்தால் ஊர் கதைக்கும். கதை போகும். உருத்திரபுரத்திலை ஒரு மனுசி ஜப்பான் கிற்றார் சேர்க்கிறாளாம் எண்டு அந்த ஆளின்ரை காதிலை ஒருநாள் விழும்."

அது ஒரு காரணம். மற்றதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அவற்றை அவள் பழைய சீலையில் சுற்றிக் கட்டித் தூக்குகிற விதத்திலேயே தெரியும். நெல் விற்று வருகிற காசில் கம்பி வாங்கினாள், உடைந்த காதுக்கு மாற்றுக் காது தேடினாள். கொம்பின் வளைவை வைத்து எந்தக் காலத்துச் சாமான் என்று சொல்லப் பழகினாள். கொழும்பில் இருந்து வாத்தியம் திருத்துகிறவர்கள் அவளுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். வாணி விழாவில் சரஸ்வதி பூசைக்குப் பதினொன்றையும் இறக்கிச் சந்தனப் பொட்டு வைப்பாள்.

போன வருசம் பிரசாந்தன் கனடாவிலிருந்து வந்தான். என் மூத்த அக்காவின் மகன். அவனுக்கும் அதே பைத்தியம், அங்கே நிலவறை நிறைய வைத்திருக்கிறானாம். சிவனேஸ்வரியின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"சின்னம்மா, இதெல்லாம் என்னெண்டு தெரிஞ்சே வைச்சிருக்கிறியள்?"

"தெரியாமல் வைச்சிருக்க இதென்ன பூசணிக்காயே?"

ஒவ்வொன்றாக இறக்கினான். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இப்படி ஒன்றை வாழ்க்கையில் படத்தில்தான் பார்த்தது என்றான். இன்னொன்றின் முதுகை மணந்து பார்த்தான்.

"என்ன மணக்குது?"

"தேங்காயெண்ணெய்."

"கடவுளே. தேங்காயெண்ணெய் பூசாதேங்கோ சின்னம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"அப்ப உன்ரை தலைக்கு ஏதேனும் பூசிவிடட்டே? நடுவிலை பளபளக்குது."

அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கடைசியாகக் கண்டேன்.

மூலை வளையில் ஒரு நீல நிறக் கிற்றார் தொங்கியது. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற நீலப் பெயின்ற். ஒரு கொம்பு முறிந்தது. திருகாணி இரண்டுதான் மிச்சம். தங்கராசா அதைக் கொண்டு வந்து எட்டு ஒன்பது வருசம் இருக்கும். சேர்த்ததற்குள் அதுதான் சீர்கெட்டது. குழிக்குள் மினுங்காததால் அவள் அதை அவ்வளவாகக் கவனித்ததுமில்லை. பிரசாந்தன் அதை எடுத்து, காதைப் பார்த்தான், கம்பிக்குக் கீழே இருந்த காந்தத்தைப் பார்த்தான்.

"இது நல்ல சாமான். பெயின்ற் அடிச்சுக் கெடுத்துப் போட்டாங்கள். எந்த வருசமெண்டு பாப்பம். கழுத்துக்குக் கீழை அடிச்சிருப்பான்."

"அதுக்குள்ளை ஒண்டுமில்லை. நான் கழட்டிப் பாத்தனான்" என்றாள்.

அவன் கழற்றினான். குழி முழுக்கப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும். பையிலிருந்து ஒரு சின்னத் தூரிகை எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான்.

"சின்னம்மா, இதுக்குள்ளை முந்தி ஏதும் கிடந்ததே?"

"ஏன்?"

"மரத்திலை ஒரு அச்சு விழுந்திருக்கு. ஏதோ சின்னத் தகடு வைச்சு இறுக்கின மாதிரி. இஞ்சை பாருங்கோ, வில்லு மாதிரி ஒண்டு."

அவள் பார்க்கவில்லை. கையை நீட்டி விரலைக் குழிக்குள் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"சங்கு" என்றாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தி, "இது சக்கரம்."

பிறகு விரல் நகரவில்லை. பிரசாந்தன் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூலைத் திருகாணி ஓட்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு நெல் உமி ஒட்டிக் கிடந்தது. அவள் பெயின்றை நகத்தால் சுரண்டினாள். நீலத்துக்குக் கீழே சிவப்பு வந்தது.

அப்பன் வைத்த பொன்னை அவன் எடுக்கமாட்டான் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அவனைத் தவிர அதை எடுக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. எடுத்தவன் அவன்தான். நிலைக்குக் கீழே வைத்த பொன்னைக் கிளப்புகிற அளவுக்கு அவனுக்கு என்ன வந்தது? அதை அறிந்த ஆள் ஒருவர் எங்கேயோ இருக்க வேண்டும். கிற்றார் வந்த வழியே போனால் அந்த ஆளிடம் போகலாம்.  விடிய நாங்கள் தங்கராசாவைத் தேடி நெளுக்குளம் போனோம்.

தங்கராசா இப்போது இரும்பு எடுப்பதில்லை. இடுப்பு நோவு. வாசலில் கதிரை போட்டு இருந்தான்.

"நீலக் கிற்றாரோ? அதை மறப்பனே அக்கா. காசு வேண்டாமெண்ட ஒரே சாமான் அதுதானே."

"ஆர் வேண்டாமெண்டது?"

"ஞானேஸ்வரி எண்டு ஒரு மனுசி. மலைநாட்டுப் பக்கத்துச் சனம், குளத்துக்கு அங்காலை இருக்கினம். நான் இரும்பு கேட்டுப் போக்கை நீங்கள் கிற்றார் சேர்க்கிற கதையையும் சொல்ல, 'அந்த உருத்திரபுரத்து அம்மாவுக்கே குடுங்க'ன்னு எடுத்துத் தந்துது. காசு குடுத்தன், வாங்கேல்லை."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொன்னதுதான். 'உடையவங்கன்னா எங்கிருந்து வந்துதுன்னு கேப்பாங்க. கேட்டா வீட்டக் காட்டுங்க'ன்னு சொன்னது. அதுக்குப் பிறகும் ரோட்டிலை காணேக்கை எல்லாம் கேக்கும், 'அந்தம்மா கேட்டாங்களா'ன்னு. நான் இல்லையெண்டு சொல்லுவன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை தங்கராசா?"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்கள் கேக்கேல்லையே அக்கா. மற்ற எல்லாத்தையும் மாதிரிக் கழட்டிப் பாத்துப் போட்டு, இது இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இல்லையெண்டால் பிறகென்ன கதை எண்டு விட்டிட்டன்."

அவனில் பிழை சொல்ல இடமில்லை. அவள் எழும்பினாள். "வீட்டைக் காட்டு" என்றாள்.

"காட்டலாம். ஆனால் அந்த மனுசி இல்லை அக்கா. சிறுநீரக வருத்தம். போய் இரண்டு வருசமாகுது. மகள் இருக்குது."

மகள் தர்மிளா. முப்பது வயதுக்குள் இருக்கும். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். தங்கராசா படலையில் நின்று, "பிள்ளை, உருத்திரபுரத்து அம்மா" என்று மட்டும்தான் சொன்னான். அவள் கையில் இருந்த சுளகை அப்படியே கீழே வைத்தாள்.

"கேட்டு வந்துட்டீங்களாம்மா" என்றாள்.

உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தாள். சிவனேஸ்வரி அதைத் தொடவில்லை.

"உங்களுக்கு அவனைத் தெரியுமே பிள்ளை?"

"தெரியும்மா. அண்ணன்தான் கூப்புடுவேன். பேர் தெரியாது. எங்க தரப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம். நாங்க அங்க வந்து சேந்தப்பவே தனியாத்தான் இருந்தாரு. நான் சின்னப் புள்ள. தம்பி நிஷாந்தன் கைக்கொழந்த. அம்மாவுக்குப் பால் வத்திப் போச்சி. தம்பி கத்திக்கிட்டே கெடப்பான். அந்த அண்ணன் கிட்டார மண்ணுல படுக்க வச்சி, தம்பியக் கொண்டாந்து அது மேல காது வச்சிப் படுக்கப் போடுவாரு. மெதுவா கம்பியத் தட்டுவாரு. தம்பி அழுகைய நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டே தூங்கிருவான். எனக்கும் ஒரு பக்கம் எடம் குடுப்பாரு."

சிவனேஸ்வரியின் கை தன் காதைத் தொட்டது. அவளுக்கே தெரியாமல் தொட்டிருக்க வேண்டும்.

"ஒரு நாள் தம்பி அழவே இல்ல. சத்தமே வரல. அம்மா தலைல அடிச்சிக்கிட்டு அழுதாங்க. அந்த அண்ணன் கத்திய எடுத்து ஆணியக் கழட்டினாரு. உள்ளருந்து தங்கம் எடுத்து அம்மா கையில வச்சாரு. பால்மா வாங்குங்கன்னாரு. அம்மா வேணான்னாங்க. 'இது புள்ளக்கிப் போடுற பொன்தான் அக்கா'ன்னு சொன்னாரு. அது எனக்கு நல்லா ஞாபகம்."

"பால்மா கிடைச்சுதே?"

"கெடச்சுதும்மா. தம்பி இருக்கான். கொழும்புல ஒரு கடையில வேல பழகுறான்."

"நல்லது" என்றாள் சிவனேஸ்வரி. அதை இரண்டு முறை சொன்னாள்.

"அதுக்குப் பிறகு?"

"மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ, அம்மாவத் தேடிட்டு வாறேன்னு சொல்லிட்டுப் போனாரு. கஞ்சி வாங்கப் போனவங்க வரலன்னு தெனமும் சொல்லுவாரு. கிட்டார எங்கம்மாகிட்ட குடுத்தாரு, வந்து எடுத்துக்கிறேன்னு. நாங்க வெளியேறும்போது அம்மா ஒரு கையில தம்பி, ஒரு கையில அதத் தூக்கிட்டு வந்தாங்க. அப்பத்தான் கொம்பு ஒடஞ்சது. கரையான் அரிக்கக் கூடாதுன்னு அம்மாதான் நீலப் பெயின்ட் அடிச்சாங்க."

"எந்தப் பக்கம் போனவன் பிள்ளை? கடல் பக்கமோ, மற்றப் பக்கமோ? ஆரோடையும் போனவனோ? தனியவோ?"

தர்மிளா நினைத்துப் பார்த்தாள். உண்மையாகவே நினைத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அந்தக் குழந்தை நின்ற இடத்தில் போய் நின்று பார்க்கிறவள்போல இருந்தாள்.

"தெரியலம்மா. நான் தூங்கிட்டேன். அம்மாவுக்குத் தெரியும். அம்மா அவரோட கொஞ்ச தூரம் போனாங்க. யாரோ ரெண்டு பேர் வந்தாங்க, என்னமோ பேசினாங்கன்னு ஒரு தடவ சொன்னாங்க. முழுசா அந்தத் தாய்கிட்டத்தான் சொல்லணும்னு, எங்ககிட்ட சொல்லவே மாட்டாங்க."

"ஏன் பிள்ளை அவா என்னட்டை வரேல்லை?"

"பயம்மா. பெத்தவங்களா இருந்தா தங்கத்தக் கேப்பாங்களே, வித்துத் தின்னுட்டமேன்னு பயம். அதத் திருப்பிச் செய்யணும்னு சீட்டுக் கட்டிக்கிட்டே இருந்தாங்க. செஞ்சிட்டாங்க. அதுக்குள்ள வருத்தம் வந்திருச்சி."

எழும்பிப் போய் அலுமாரித் தட்டிலிருந்து நகைக்கடைச் சிவப்புக் காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்து வந்தாள். புதுப் பஞ்சாயுதம். மினுங்கியது.

"இது வேண்டாமம்மா. உன்ரை தம்பிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் போடு."

"அம்மா சாகும்போது சொன்னதும்மா. வாங்கிக்கங்க. வாங்காட்டி அவங்களுக்கு ஆறாது."

வாங்கினாள். படலைக்கு வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதுவும் தங்கராசாவிடம்.

"அந்த மனுசி கடைசியா எப்ப கேட்டது?"

"வருத்தமாக் கிடக்கேக்கையும் கேட்டது அக்கா."

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மாங்குளம் தாண்டினபோது, "ஏழு வருசம் அந்த மனுசி எனக்காகக் காத்திருந்திருக்கு. இஞ்சையிருந்து ஒரு பஸ் தூரம், அண்ணை" என்றாள்.  சொல்ல இருந்தவள் ஒருத்தி, கேட்க இருந்தவள் ஒருத்தி. நடுவில் கிற்றார் இவள் வீட்டு வளையில் தொங்கியது.

பிரசாந்தன் நீலப் பெயின்றைக் கழுவிவிட்டிருந்தான். சிவப்பும் கறுப்புமாகக் கிற்றார் பாயில் கிடந்தது. கழுத்து தனியே இருந்தது. புதுத் திருகாணி நாலும் வாங்கி வைத்திருந்தான். அவனிடம் நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

சிவனேஸ்வரி கை கால் கழுவி, விபூதி பூசி வந்து குந்தினாள். சிவப்புக் காகிதத்தை விரித்துப் புதுப் பஞ்சாயுதத்தை எடுத்துக் குழிக்குள் வைத்தாள். அச்சின் மேல் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பொருந்தவில்லை. ஞானேஸ்வரி ஒருக்கால் கையில் வாங்கின தகட்டை ஞாபகத்தில் வைத்துச் செய்வித்தது. பழையதைவிடப் பெரிது. சங்கு மற்றப் பக்கத்தில் இருந்தது.

"பரவாயில்லை" என்றாள். "அந்த மனுசி செய்ததும் அதுக்குள்ளையே இருக்கட்டும். நெல்லு ஒண்டு எடுங்கோ அண்ணை."

மூட்டையிலிருந்து ஒரு நெல் எடுத்துக் கொடுத்தேன். வைத்தாள். பிரசாந்தன் கழுத்தை மேலே பொருத்தி, முதல் திருகாணியை வைத்து ஸ்குரூட்ரைவரைத் திருப்பத் தொடங்கினான். மரம் கிறீச்சிட்டது.

"பொறு, பொறு."

"என்ன சின்னம்மா?"

"இறுக்கினால் புதுசு அமுங்கிப் பழைய அச்சு அழிஞ்சு போமே?"

அவன் பொய் சொல்லவில்லை. "ஓம் சின்னம்மா. மெத்தெண்ட மரம். அழிஞ்சு போம்."

அவள் கையை நீட்டித் திருகாணியை வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் அது அப்படித்தான் இருக்கிறது. உடம்பைச் சீலையில் சுற்றிச் சாமித் தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறாள். ஞானேஸ்வரியின் பொன் சிவப்புக் காகிதத்தில் அதன் பக்கத்தில் கிடக்கிறது. கழுத்தை அலுமாரியில் சாய்த்து வைத்திருக்கிறாள். இது வேப்பமர அலுமாரி அல்ல, வீட்டுத்திட்டத்தோடு வந்த தகர அலுமாரி. காற்றுக்குக் கழுத்து ஆடித் தகரத்தில் முட்டும். முட்டுகிற ஒவ்வொரு தரமும் அவள் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறாள்.